அடுப்புக்குச் சொந்தம்

நனைந்து நாறிய காகிதப் பொட்டலங்களைக் கணவன் நடுவீட்டில் கொட்டியபோது, அவள் சபைக்குக் கொண்டுபோகப் பன்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"சபைக்குப் பின்னால சாக்கடை அடைச்சிக்கிச்சுன்னு கூப்பிட்டாங்க. அடைச்சிருந்தது உன் பன்னுதான்."

"யாராவது கைதவறி விட்டிருப்பாங்க."

"ஒருத்தருக்குக் கைதவறும். அத்தனை பேருக்குமா தவறும்?"

பொட்டலங்களில் அவள் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது.

சாக்கடை அள்ளுகிறவர்கள் குடியிருக்கும் வரிசையில் ஒரு பெண்ணைத் தொழில் முதலாளி ஆக்குவது ஆண்டவருக்கு உகந்த காரியம் என்று சபை தீர்மானித்து, போன வருடம் அவளுக்கு பன் சுடும் மின்சார அடுப்பு கொடுத்தது. ஜெபம் செய்து, படம் பிடித்துத்தான் கொடுத்தார்கள். வாராவாரம் வழிபாடு முடிந்ததும் வாசல் மேஜையில் அவள் விற்க வேண்டும். வருடக் கடைசியில் மேடையேறிச் சாட்சி சொன்னால் அடுப்பு அவளுக்கே சொந்தம். மேஜையில் எப்போதும் தள்ளுமுள்ளுதான். எல்லாம் தன் கைப்பக்குவம் என்று அவள் பூரித்துக்கிடந்தாள், பாவம்.

சாட்சி நாள் அன்றைக்குத்தான்.

"போகாதே," என்றான் கணவன்.

"போகலேன்னா அடுப்பு போயிடும்."

"போனா மானம் போயிடும்."

அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

வெளியூரிலிருந்து வந்த கொடையாளிகள் முன்வரிசையில் இருந்தார்கள். "இந்தச் சகோதரியைக் கைதூக்கி விட்டோம்," என்று சபைச் செயலாளர் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லி, ஒலிபெருக்கியை அவளிடம் கொடுத்தார்.

"அடுப்புல நல்லா வேகுதுங்க. ஆண்டவர் மேல எனக்கு ஒரு குறையும் இல்ல," என்றாள் அவள். பிறகு தட்டோடு இறங்கிச் சபைத் தலைவரின் மனைவி முன்னால் நின்றாள். "அம்மா, வாரம் தவறாம கைநிறைய வாங்குறீங்க. ஒண்ணை இங்கயே சாப்பிடுங்க. அதுதான் என் சாட்சி."

"இன்னிக்கு எனக்கு உபவாசம்மா," என்றார் அந்த அம்மாள்.

அடுத்தவருக்குச் சர்க்கரை வியாதி. அதற்கடுத்தவருக்குப் பல்வலி. தட்டு கடைசி வரிசைவரை போய், ஒன்றும் குறையாமல் திரும்பி வந்தது. கொடையாளிகள் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாசலில் செயலாளர் அவளை மடக்கினார். முகம் கடுகடுவென்றிருந்தது. "நன்றி கெட்டவ. அடுப்பு இன்னும் சபையோடதுதான், தெரியுமில்ல?"

"தெரியும். வந்து தூக்கிட்டுப் போங்க."

அன்றிலிருந்து அவள் சுடும் பன், சந்தையில் மூட்டை தூக்குகிறவர்களிடம் விற்கிறது. வாங்கியதும் நின்ற இடத்திலேயே தின்றுவிடுகிறார்கள்.

அடுப்பை எடுக்க இன்றுவரை ஒருவரும் வரவில்லை. அந்த வரிசையில் புழங்கிய அடுப்பைக் கொண்டுபோய் எந்த வீட்டில் வைப்பது என்று சபை இன்னும் கூடிப் பேசிக்கொண்டிருக்கிறது.