மணமேல்குடியிலிருந்து வராத மூலநிரல்

1

இந்தக் கதைக்கு மூலம் ஒரு நீக்கல் அறிவிப்பு. எழுதியவன் நானே. எங்கள் இயங்குதளத்தின் களஞ்சியத்தில் தயார்நிலை மென்பொருள் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு செய்முறைச் சீட்டுதான். மூலநிரல், அதாவது மென்பொருளை எழுதிய அசல் வரிகள், எந்த இணைய முகவரியில் கிடைக்கும், அதோடு எதையெல்லாம் சேர்க்க வேண்டும் என்று அதில் இருக்கும். அதைப் பார்த்து உங்கள் கணினியே மூலநிரலை இறக்கி, மென்பொருளைக் கட்டிக்கொள்ளும். முகவரி செத்துவிட்டால் முப்பது நாள் கெடு வைத்துச் சீட்டைத் தூக்கிவிடுவோம். சம்பளமில்லாத வேலை, அதிகாரத்துக்கு மட்டும் குறைவில்லை. 'சொல்லி' என்ற மென்பொருளுக்கு அப்படித்தான் கெடு வைத்தேன்.

2

கீரமங்கலத்தில் பார்வையற்ற பெண் ஒருத்தி

(வேண்டாம். இப்படித் தொடங்கினால் உடனே உச்சுக்கொட்டுவீர்கள். அவளுக்கு அது பிடிக்காது.)

பரிமளா கீரமங்கலத்தில் ஒரு கணினி மையத்தில் பதினோரு வருடமாக மனு தட்டச்சு செய்கிறாள். கண் தெரியாது. தட்டியதை அவளுக்குப் படித்துக் காட்டுவது 'சொல்லி'.* சென்ற வாரம் கணினியைப் புதுப்பித்தபோது அடியிலிருந்த ஒலி நிரல் மாறிவிட்டது. அதற்கேற்ப 'சொல்லி'யை மறுபடி கட்ட வேண்டும். முன்பு இறக்கிய பிரதியைப் புதுப்பிப்பு துடைத்துவிட்டது, புதிதாக மூலநிரல் வரவில்லை. கணினி வாயடைத்துப் போனது.

"திங்கக்கெழம வரைக்கும் பாப்போம் பரிமளா. அதுக்கு மேல வேற ஆளுதான் பாக்கணும்," என்றார் மையத்துக்காரர் வெற்றிச்செல்வன். அவரை வில்லனாக்கப் பார்த்தேன். மனிதர் அதற்குத் தோதுப்படவில்லை.

* வேறு குரல்கள் இல்லையா என்பீர்கள். இருக்கின்றன. அவள் வேலை செய்யும் வேகத்துக்கு அவை குழறுகின்றன.

3

சீட்டில் இருந்த பெயர் சாதிக் பாட்சா, மணமேல்குடி. 'சொல்லி'யை எழுதி, மூலநிரலைத் தம் வீட்டுக் கணினியிலேயே வைத்திருந்தவர். என் அறிவிப்பைக் கண்டு என்னிடம் பேசிய பரிமளா, சீட்டிலிருந்த அவர் தொலைபேசி எண்ணுக்கு அழைத்தாள். எடுத்தது அவர் மனைவி ரம்லத் பீவி.

"அவுக மவுத்தாகி அஞ்சு மாசமாச்சும்மா."

இறந்தவருக்காக இரண்டு வார்த்தை வருத்தம் சொன்னாள் பரிமளா. பிறகு கேட்டாள்: "அவுக கம்ப்யூட்டர் இருக்குங்களாம்மா?"

"நாப்பதாம் நாளு அவுக துணிமணி, கம்ப்யூட்டர் எல்லாத்தையும் இல்லாதவுகளுக்குக் குடுத்துட்டோம். உள்ள இருந்தத சுத்தமா அழிச்சுட்டுத்தான் குடுத்தேன். அவுக சொந்த விஷயத்த அடுத்தவுக பாக்கக் கூடாதுல்ல."

"சரிதாம்மா," என்றாள் பரிமளா. வேறென்ன சொல்வாள்? மரியாதையாகத்தான் எல்லாம் நடந்திருக்கிறது.

(மூலநிரலின் ஒரு பிரதியை எங்கள் களஞ்சியத்திலேயே வைத்திருக்கலாம். அதற்கு அவருடைய அனுமதி வேண்டும். கேட்டு ஒரு கடிதம் எழுத இரண்டு வருடம் சோம்பல் பட்டேன். இப்போது வெட்கமாக இருக்கிறது.)

4

முடிவு ஒன்று: துபாயிலிருந்து வந்த ரம்லத் பீவியின் மருமகன் நிஜாம், பழைய பென்டிரைவ் ஒன்றை

(அடித்துவிட்டேன். சீட்டில் மூலநிரலின் கைரேகை போல ஓர் எண் இருக்கிறது. நிரலில் ஓர் எழுத்து பிசகினாலும் அந்த எண் பொருந்தாது, கணினி ஏற்காது. என் கற்பனை உங்களிடம் செல்லுபடியாகலாம், அதனிடம் ஆகாது.)

முடிவு இரண்டு: திங்கட்கிழமை காலை பரிமளா

(இதை எழுத எனக்கு மனம் வரவில்லை.)

உங்களில் யாராவது எப்போதோ 'சொல்லி'யை நிறுவியிருந்தால், அன்று இறக்கிய கோப்பு உங்கள் கணினியில் எங்காவது கிடக்கும். பாருங்கள். இன்று வெள்ளிக்கிழமை. இன்னும் தேடிக்கொண்டிருப்பதாகத்தான் அவளிடம் சொல்லியிருக்கிறேன். நான் தேடி முடித்து மூன்று நாளாகிறது.