வெட்டிய கட்டைக்கு விலை

விறகை விலை கொடுத்து வாங்குகிறவனுக்கு மூளை இல்லை என்று ஜமாஅத் கூட்டத்தில் எழுந்து சொன்னவன் நான்தான். யாரும் என்னைக் கேட்கவில்லை. நோன்புக்கு முன்னால் வருஷா வருஷம் நடக்கிற கூட்டம் அது. கஞ்சிக்கு நொய் யார் தருகிறார், கறி யார் தருகிறார், விறகு எவ்வளவு வாங்குவது என்று பேசுவார்கள். நான் எங்கள் பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சுகிறவன். காய்ச்சுகிறவன் வாயை மூடிக்கொண்டு காய்ச்சினால் போதும். எனக்கு அது வராது.

செக்ரட்டரி ஹனீஃபா விறகு விலையைச் சொன்னார். போன வருஷத்தைவிட ஏறியிருந்தது. விறகு மண்டிக்காரனை நம்பி எனக்குப் பழக்கமில்லை. எடை ஏறுவதற்குத் தண்ணீர் தெளிப்பான். எடை போட்ட பிறகு வழியில் நாலு கட்டையை இறக்கிவிட்டு வருவான் வண்டிக்காரன். இத்தனை வருஷமாக அவர்களிடம் வாங்குகிற ஹனீஃபாவையும் நான் முழுசாக நம்பியதில்லை.

“நம்ம மரமே பின்னாடி விழுந்து கிடக்குது. அதை வுட்டுட்டு மண்டிக்குப் போறது எதுக்கு? அதுல யாருக்கு லாபம்?” என்றேன்.

கூட்டத்தில் எல்லாரும் ஹனீஃபாவைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சரி சமது பாய். இந்த வருஷம் விறகு உங்க பொறுப்பு” என்றார். கோபமே படவில்லை. கோபப்படாத ஆள் மேல் எனக்கு இன்னும் சந்தேகம்.

மரம் என்பது பள்ளிவாசல் பின்சுவரை ஒட்டி நின்ற தூங்குமூஞ்சி மரம். புயல் மழையில் வேரோடு சாய்ந்து, சுவரை உடைத்துக்கொண்டு, தலையைக் கால்வாய்ப் பக்கம் போட்டுப் படுத்துக்கொண்டது. அடிமரம் எங்கள் பக்கம். கிளை எல்லாம் அந்தப் பக்கம். அந்தப் பக்கம் என்றால் கால்வாய் ஓரத்து வீடுகள். முன்னே நிறைய இருந்தன. பாதிப் பேரை அரசாங்கத்தில் ஊருக்கு வெளியே கொண்டுபோய் மாடி வீட்டில் வைத்துவிட்டார்கள். மிச்சம் இருக்கிற வீடுகளில் ஒன்று தேவானையுடையது. காலையில் விறகடுப்பில் இட்லி ஊற்றி விற்கிறவள். மரத்தின் உச்சி அவள் வீட்டுக் கூரை ஷீட் மேல்தான் விழுந்தது.

ஈக்காட்டுத்தாங்கலில் இருந்து செம்பியன் என்று ஒருத்தனை, மரம் அறுக்கிற மிஷினோடு கூட்டிவந்தேன். வாடகை பேசினேன். அடிமரத்தில் பாதி அறுப்பதற்குள் மிஷின் கத்திக்கொண்டு நின்றது. செயின் அறுந்து தெறித்துப் போய்ச் சுவரில் அடித்தது.

“இன்னா நைனா, மரத்துக்குள்ள இரும்புக் கடையே கீது?” என்றான் செம்பியன்.

குனிந்து பார்த்தேன். ஆணி. ஒன்று இரண்டு இல்லை. வருஷா வருஷம் நோன்புக்கு சீரியல் பல்பு கட்ட நான் அடித்த ஆணிகள். மரம் அதையெல்லாம் முழுங்கி உள்ளே வைத்திருந்தது. செயின் காசும் என் தலையில் விழுந்தது. அறுத்ததைப் பிளக்க ஒரு ஆள், சுமந்து அடுக்க ஒரு ஆள், அவர்களுக்கு டீ, சாப்பாடு. எல்லாம் என் கையிலிருந்து போனது. மண்டியில் வாங்கியிருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ‘ஓசியில் முடித்தேன்’ என்று சொன்னேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து ஹஜ்ரத் மைக்கில் என் பெயரைச் சொல்லி, ஜமாஅத் பணத்தை மிச்சம் பிடித்தவர் என்று எனக்காக துஆ செய்தார். நானும் தலையைக் குனிந்துகொண்டு ஆமீன் சொன்னேன்.

வீட்டில் என் பெண்டாட்டி அஃப்சருன்னிசா மட்டும் விடவில்லை. “பள்ளிக்குக் குடுக்கறது நல்லதுதான். குடுத்தேன்னு சொல்லிட்டுக் குடுங்க. ஓசின்னு சொல்லிக்கினு பாக்கெட்டுல இருந்து எடுத்துக் குடுக்கறது இன்னா பொழப்பு?” என்றாள்.

“உனக்கு ஒண்ணும் தெரியாது” என்றேன். நாற்பது வருஷமாக நான் தோற்கும்போது சொல்வது அதுதான்.

கட்டை அடுக்கிய இரண்டாம் நாள், சுவர் இடிந்த சந்து வழியாகத் தேவானை கை விட்டுச் சுள்ளி இழுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

“தேவானை! இன்னா பண்ணிக்கினுகீற?”

“பாத்தா தெரியலியா பாய்? சுள்ளி பொறுக்கிக்கினுகீறேன்.”

“அதுல கை வைக்காத. பள்ளி சொத்து அது. அல்லாவோட சொத்து.”

அவள் நிமிர்ந்தாள். இடுப்பில் ஒரு கட்டு இருந்தது. “எங்கூட்டு ஷீட்டு மேல வுயுந்தப்போ இது யாரு சொத்து பாய்? அன்னிக்கு ஒத்தரும் வந்து எங்க சொத்துன்னு சொல்லலியே.”

பதில் வராதபோது எனக்குச் சத்தம் வரும். திருடி என்று கத்தினேன். தெருவே கேட்டது. அவள் இடுப்பில் இருந்த கட்டை இறக்காமலே திரும்பிப் போய்விட்டாள்.

அன்றைக்கே தார்ப்பாய் வாங்கிவந்தேன். கட்டை மொத்தத்தையும் மேலிருந்து கீழ்வரை சுற்றி, அடியில் செருகி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டினேன். ஒரு குச்சி உருவ முடியாதபடி. முடிச்சு நான் மட்டுமே அவிழ்க்கிற முடிச்சு. தினமும் சாயங்காலம் அஸர் தொழுகைக்கு வரும்போது முடிச்சைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவேன்.

ஒரு மாசம் கழித்து நோன்பு வந்தது. முதல் நாள் போன வருஷம் மிஞ்சிய சவுக்குக் கட்டையில் காய்ச்சினேன். அஸருக்குப் பிறகு வரிசை நின்றது. எங்கள் கஞ்சிக்கு எல்லாரும் வருவார்கள். தெருக்காரர்கள், ஆட்டோக்காரர்கள், கால்வாய் ஓரத்துக்காரர்கள். யார் என்று கேட்கிற வழக்கம் இல்லை. தேவானையும் வருஷா வருஷம் வருவாள். அன்றைக்கும் நசுங்கிய தூக்குப் பாத்திரத்தோடு வந்து நின்றாள்.

அவள் முறை வந்தபோது நான் கரண்டியை அண்டாவுக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

“கட்டை எடுத்துக்கினு போனல்ல? அதுல காய்ச்சிக் குடி” என்றேன்.

தூக்கின் மூடியை மெதுவாக மூடினாள். சரியாக உட்காரவில்லை. திரும்பவும் அழுத்தி மூடினாள். பின்னால் நின்றவர்கள் அவள் போக வழி விட்டார்கள். எல்லார் பார்வையும் தரையில் இருந்தது. அடுத்த ஆள் பாத்திரத்தை நீட்டினான். நான் ஊற்றினேன்.

ஹனீஃபா பக்கத்தில் வந்தார். “பாய், வரிசையில நிக்கறவங்களைத் திருப்பி அனுப்பற பழக்கம் இங்க இல்ல” என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

“எனக்குப் பழக்கம் சொல்லாத” என்றேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

வெள்ளிக்கிழமை வந்தபோது சவுக்கு தீர்ந்துவிட்டது. ஜும்ஆ முடிந்து, அண்டாவில் தண்ணீர் ஏற்றிவிட்டு, தார்ப்பாயைத் திறக்கப் போனேன். வெள்ளிக்கிழமை என்றால் கூட்டம் இரண்டு மடங்கு. கறியும் அன்றைக்கு அதிகம்.

முடிச்சை அவிழ்த்துத் தார்ப்பாயை இழுத்தேன். உள்பக்கம் முழுக்கத் தண்ணீர் முத்து முத்தாகத் தொங்கியது. ஈரச்சட்டை நாற்றம் அடித்தது. கட்டையைத் தொட்டால் மீன் முதுகு மாதிரிச் சில்லென்று வழுக்கியது. சில கட்டைகளின் நுனியில் வெள்ளையாகக் காளான் பூத்திருந்தது. ஒரு மாசமாக அதற்கு வெயிலும் காட்டவில்லை, காற்றும் காட்டவில்லை. யாரும் எடுத்துவிடக் கூடாது என்று நானே மூட்டம் போட்டு வைத்திருந்தேன்.

இருந்தாலும் அடுப்பில் வைத்தேன். பேப்பர் போட்டேன். தேங்காய் ஓடு போட்டேன். பொரித்த எண்ணெய் மிச்சம் இருந்ததை ஊற்றினேன். எண்ணெய் எரிந்தது, பேப்பர் எரிந்தது, கட்டை எரியவில்லை. உஸ்ஸென்று சத்தம் போட்டது. மறுமுனையில் நுரை கட்டி வழிந்தது. புகை எழுந்து நேராக உள்ளே போனது. அஸர் தொழுகையில் ஒரு வரிசை முழுக்க இருமியது வெளியே நின்ற எனக்குக் கேட்டது.

அண்டாவில் தண்ணீர் வெதுவெதுப்பாகக்கூட ஆகவில்லை. அதில் நொய் பச்சையாகக் கிடந்தது. தொழுகை முடிந்து வந்தவர்கள் பாத்திரத்தோடு நிற்க ஆரம்பித்தார்கள்.

“இன்னா பாய், இன்னிக்குப் புகைதான் கஞ்சியா?” என்றான் வரிசையில் ஒருத்தன்.

“ஓசிப் புகைப்பா. மண்டில இது கிடைக்காது” என்றான் இன்னொருத்தன்.

ஹனீஃபா மண்டிக்குப் போன் போட்டார். வண்டி நந்தனம் பக்கம் லோடு இறக்கப் போயிருக்கிறது, ராத்திரி இஷா தொழுகைக்கு முன்னால் வராது என்றார்கள். ஹனீஃபா போனைப் பையில் போட்டுக்கொண்டு இடிந்த சுவர்ப் பக்கம் பார்த்தார். நானும் பார்த்தேன். தேவானை வீட்டு ஷீட் மேல் சுள்ளியும் கிளையும் பரப்பிக் கிடந்தது. வெயிலில் வெளுத்து, எலும்பு மாதிரி.

“நீ போய்க் கேளேன்” என்றேன்.

“நான் திருடின்னு சொல்லல பாய். நீங்கதான் கேக்கணும்” என்றார்.

போனேன். வரிசை மொத்தமும் என் பின்னால் திரும்பியது. தேவானை சுவருக்கு அந்தப் பக்கம் இட்லித் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

“தேவானை.”

அலசிக்கொண்டே இருந்தாள்.

“கட்டை வேணும்மா.”

“எந்தக் கட்டை பாய்? திருட்டுக் கட்டையா?”

பின்னால் யாரோ சிரித்தார்கள். என் காது சூடானது.

“கஞ்சி வேவல. ஜனம் நிக்குது.”

“நிக்கிற ஜனத்தத்தான் நீ திருப்பி அனுப்புவியே.” துணியைப் பிழிந்து உதறினாள். தண்ணீர் என் சட்டையில் தெறித்தது. “சும்மா தர மாட்டேன். சும்மா குடுத்தா நாளைக்கு அல்லா சொத்துன்னு சொல்லிக்கினு வருவ. மண்டில இன்னா வெலையோ அந்த வெல. இஷ்டமா?”

“இஷ்டம்.”

“இன்னா சொன்ன? கேக்கல.”

“இஷ்டம்னு சொன்னேன்” என்று கத்தினேன். அது மட்டும்தான் நான் அன்றைக்குக் கத்தியது.

ஹனீஃபா ஜமாஅத் பையைத் திறந்தார். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு என் சட்டைப்பையில் இருந்ததை அவள் ஈரக்கையில் வைத்தேன். நான் ஏற்கெனவே காசு கொடுத்து அறுத்த மரம். அதே மரத்தை மண்டி விலைக்கு வாங்கினேன். இவ்வளவு விலைக்கு இந்த ஊரில் எவனும் விறகு எரித்திருக்க மாட்டான்.

அவள் ஷீட்டில் இருந்து வாரிப் பழைய புடவைக் கிழிசலில் கட்டி, கட்டு கட்டாகச் சுவர் தாண்டிப் போட்டாள். நான் பொறுக்கினேன். ஒரு கிளையில் நான் சுற்றிய சீரியல் பல்பு வயர் அப்படியே இருந்தது. அதைப் பிரித்துத் தூர எறிந்துவிட்டு அடுப்பில் செருகினேன். பட்டென்று பிடித்துக்கொண்டது.

அப்படியும் நேரத்துக்கு முடியவில்லை. பாங்கு சொன்னபோது கஞ்சி குழைந்திருக்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் நின்ற இடத்திலேயே பேரீச்சம்பழமும் தண்ணீருமாக நோன்பு திறந்தார்கள். பாத்திரத்தைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு கிழவர்கள் தண்ணீர் குடித்ததை நான் துடுப்புப் போட்டுக் கிளறிக்கொண்டே பார்த்தேன். திட்டியிருக்கலாம். திட்டவில்லை. மஃரிப் தொழுதுவிட்டு வந்து, கறி வேகாத கஞ்சியை வாங்கிக்கொண்டு, ‘ஜஸாகல்லாஹ் பாய்’ என்று நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். ஒவ்வொருத்தரும் சொன்னார்கள். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.

“ஹனீஃபா” என்றேன், கூட்டம் குறைந்ததும். “கூட்டத்துல லாபம்னு ஒண்ணு சொன்னேனே.”

“ஞாபகம் இருக்கு பாய்” என்றார். “கஞ்சி ஆறுது. முதல்ல ஊத்துங்க.”

வரிசை முடியும்வரை நசுங்கிய தூக்கைத் தேடிக்கொண்டிருந்தேன். வரவில்லை. கடைசியில் எங்கள் வீட்டுத் தூக்கில், அடியில் தங்கிய கறியாகப் பார்த்து அள்ளி நிரப்பிக்கொண்டு சுவர்ச் சந்து வழியாகப் போனேன். அப்போதுதான் முதல் தடவையாக அவள் வீட்டை முன்பக்கம் இருந்து பார்த்தேன். மரம் விழுந்த இடத்தில் ஷீட் இரண்டாகப் பிளந்து இருந்தது. பிளவுக்குக் கீழே உள்பக்கமாக ஒரு பேனர் துணியை இழுத்துக் கட்டியிருந்தார்கள். என்னுடைய தார்ப்பாயில் கால்வாசி போதும் அதை மூடுவதற்கு.

தேவானை வாசலில் மாவுக்கு உப்புப் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

“கஞ்சி” என்று தூக்கை நீட்டினேன்.

“வேணாம் பாய். நாங்க ஆக்கி சாப்ட்டோம். நீதான காய்ச்சிக் குடின்னு சொன்ன?”

கையை மடக்கத் தெரியாமல் நின்றேன். தூக்கின் கம்பி சுட்டது. அன்னிக்கு நான் பேசினது தப்பு என்று சொல்லத்தான் வந்தேன். வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் அவளே கேட்டாள்.

“நாளைக்குக் கட்டை வேணுமா, வேணாமா? அத்த சொல்லு மொதல்ல. வேணாம்னா எங்க அடுப்புக்கு எடுத்துக்குவேன்.”

“வேணும்.”

“அப்போ காசக் காலைலயே குடுத்துரு. கட்டைய வாங்கிக்கினு அப்பால தரேன்னு சொல்ற வேலையெல்லாம் வாணாம்.” கையில் ஒட்டிய மாவை வழித்துப் பாத்திரத்தில் விட்டாள். “உன்ன நம்பிலாம் தர முடியாது பாய்.”

சரி என்றேன். தூக்கை எடுத்துக்கொண்டு திரும்பினேன். பள்ளிவாசல் பின்பக்கம் தார்ப்பாய் அவிழ்ந்தபடி கிடந்தது. கயிற்றைச் சுருட்டினேன். தார்ப்பாயை ஈரம் போக உதறி, மடித்து, சுவர்மேல் தேவானை வீட்டுப் பக்கமாகத் தொங்கவிட்டேன். எடுத்துக்கொள் என்று கூப்பிட்டுச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காலையில் காசு கொடுக்கப் போனபோது தார்ப்பாய் நான் போட்ட இடத்திலேயே, போட்ட மடிப்பு கலையாமல் கிடந்தது.