இருபத்தெட்டு கிலோமீட்டர் மாப்பிள்ளை

பெரிய மாப்பிள்ளை முதுகில் பையை மாட்டிக்கொண்டு உத்திரமேரூர் ரோட்டில் ஓடுகிறார் என்ற செய்தி, அரவிந்தன் ஐந்தாவது கிலோமீட்டரைத் தொடுவதற்குள் சாலவாக்கத்தில் அவன் மாமனார் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்துவிட்டது. அவனுக்கு இது பிற்பாடுதான் தெரிந்தது. ஓடும்போது அவன் மனத்தில் இருந்ததெல்லாம் மூச்சும், கைக்கடிகாரமும், மைத்துனியின் கல்யாணப் பத்திரிகையும்தான்.

மைத்துனி ஜெயப்பிரியாவுக்கு வருகிற ஞாயிறு கல்யாணம். அதற்காகத்தான் அவனும் மனைவி சசிரேகாவும் பின்லாந்திலிருந்து மூன்று வாரத்துக்கு வந்திருந்தார்கள். மஞ்சள் தடவிய பத்திரிகையில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதற்குக் கீழே முதல் பெயர் அவனுடையது. பக்கத்திலேயே 'இன்ஜினியர், பின்லாந்து'. வந்து இறங்கிய அன்றே மாமனார் ஏழுமலை அதை அவன் கையில் கொடுத்து, "எழுத்த பெருசா போடச் சொன்னேன் மாப்ள, போதுமா?" என்று கேட்டார். போதும் என்றான். யாராலும் படிக்க முடியாத அளவுக்குப் பொடியாகப் போட்டிருந்தால் தேவலை என்று தோன்றியது.

ஏனென்றால் பின்லாந்தில் அவனுக்கு வேலை இல்லை. போன நாள் முதலாக இல்லை.

சசிரேகா அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ஏரித் தண்ணீரைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற மாணவி. அவளுக்கு இடம் கிடைத்தபோது அவன் ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தான். ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு அவளோடு கிளம்பினான். இன்ஜினியருக்கா வேலை கிடைக்காது என்றுதான் இரண்டு பேருமே நினைத்தார்கள். அங்கே போனபிறகு எல்லா இடத்திலும் அந்த ஊர் மொழியைக் கேட்டார்கள். வாரம் மூன்று நாள் மொழி வகுப்புக்குப் போனான். சோறு ஆக்கினான். மாணவர் குடியிருப்பில் துணி துவைக்கும் அறைக்கு முறை எழுதும் தாளில் வியாழக்கிழமை ஆறு மணிக்கு நேராகத் தங்கள் கதவு எண்ணை எழுதி, சரியாக ஆறுக்குக் கூடையோடு போய் நின்றான். சாயங்காலம் கடையில் விலை குறைத்து ஒட்டுகிற ரொட்டியும் மீனும் எந்த நேரத்தில் வெளியே வரும் என்பது அவனுக்கு மனப்பாடம்.

ஓட ஆரம்பித்ததும் அங்கேதான். ஒரு நவம்பர் மாதம், மைனஸ் பன்னிரண்டில், பஸ்ஸை விட்டுவிட்டு நிறுத்தத்தில் நின்றான். நிற்க நிற்கக் கால் மரத்துப்போனது. நிற்பதைவிட ஓடுவது தேவலை என்று வீடுவரை ஓடினான். அன்று ராத்திரி, பல மாதத்துக்குப் பிறகு, படுத்ததும் தூங்கினான். அப்புறம் தினமும் ஓடினான். ஆற்றங்கரையைச் சுற்றிக்கொண்டு எட்டுக் கிலோமீட்டர் ஓடி, ஐந்தரைக்கு சசிரேகாவின் ஆய்வுக்கூட வாசலில் போய் நிற்பான். அவன் மாற்றிக்கொள்ளக் காய்ந்த கையுறையோடு அவள் வருவாள். இருவரும் நடந்தே வீடு திரும்புவார்கள். பகலில் பேசாத பேச்செல்லாம் அந்த அரை மணியில்தான். இந்த மே மாதம் அந்த ஊர் மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருந்தான். குளிர்பெட்டியின் மேல் பதினாறு வாரத்துக்கான அட்டவணை ஒட்டியிருந்தது. அதன்படி இந்த வியாழக்கிழமைக்கு இருபத்தெட்டு.

மாமனாரிடம் மட்டும் எதையும் சொல்லவில்லை. ஒரு தடவை வீடியோவில், "வேலை கெட்ச்சிதா மாப்ள?" என்று கேட்டபோது தலையை ஆட்டினான். அத்தோடு சிக்னல் போய்விட்டது. அந்த ஒரு தலையாட்டல் பெருகிப் பெருகிப் பத்திரிகை வரைக்கும் வந்துவிட்டது. "நீயே சொல்லு, நான் சொன்னா நல்லாருக்காது" என்று சசிரேகா ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஊருக்கு வந்தபிறகு இதுதான் முதல் ஓட்டம்; யாரிடமும் சொல்லாமல் ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினான். சசிரேகாவும் ஜெயப்பிரியாவும் தைத்த ஜாக்கெட்டுகளை வாங்க முந்தின நாளே காஞ்சிபுரம் போய்ச் சித்தி வீட்டில் தங்கியிருந்தார்கள். போன் சார்ஜில் இருந்தது, எடுக்கவில்லை. பையில் இரண்டு தண்ணீர் பாட்டிலும் நான்கு பேரீச்சம்பழமும்.

நான்காவது கிலோமீட்டரில், பால் கேனோடு எதிரே வந்த மாமனாரின் பங்காளி தங்கவேலு வண்டியைத் திருப்பிக்கொண்டு கூடவே வந்தார்.

"இன்னா மாப்ள, பஸ்ஸு வுட்டுட்டீங்களா? ஏறுங்க, வுட்டுடறேன்."

அரவிந்தன் வேண்டாம் என்று கையை ஆட்டினான்.

"எங்க, உங்க ஊருக்கா? வூட்ல எதுனா பேச்சா?"

மேட்டில் ஏறிக்கொண்டிருந்தான், பதில் சொல்ல மூச்சில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு இன்னும் ஒரு தடவை கையை ஆட்டினான். தங்கவேலு வண்டியை நிறுத்தி அவன் முதுகுப் பையையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த ரோடு உத்திரமேரூர் தாண்டி, காஞ்சிபுரம் தாண்டி, அவன் சொந்த ஊரான ராஜகுளத்துக்கும் போகிற ரோடு.

பதினோராவது கிலோமீட்டரில் பின்னாலிருந்து விடாத ஹாரன். திரும்பினால் மாமனார். டிவிஎஸ் வண்டியில், பனியனும் லுங்கியுமாக, தலைகூட வாராமல். மாப்பிள்ளை முன்னால் சட்டை போடாமல் வந்து நிற்கிற ஆள் இல்லை அவர். வண்டிக்கு ஸ்டாண்டுகூடப் போடவில்லை. அது புளியமரத்தில் சாய்ந்து நின்றது.

"மாப்ள, நில்லுங்க. கெஞ்சிக் கேக்கறேன், நில்லுங்க."

நின்றான். கடிகாரம் 'இடைநிறுத்தம்' என்று கூவியது.

"கல்யாணத்துக்கு மூணு நாள் கீது. பெரிய மாப்ள கோச்சிக்கினு பூட்டார்னா, சம்மந்தி வூட்டுக்காரங்க இன்னா பேசுவாங்க? பத்திரிகைல எதுனா தப்பா? மாலை ஒங்களுக்குத்தான் மொதல்ல, அத நா யாருக்கும் வுட்டுத் தரல."

"மாமா, நா கோச்சிக்கினுலாம்..."

"அப்ப சசியா?" ஏழுமலையின் குரல் இறங்கியது. "நேத்து அவ பூட்டா. இன்னைக்கி நீங்க பையோட கெளம்பிட்டீங்க. எனக்குத் தெரியாதா? படிப்பு படிப்புன்னு உங்கள கவனிக்காம வுட்டுட்டா. சோறாக்கிப் போடறாளா, இல்லையா? வேலைக்கிப் போய்ட்டு வர்ற ஆம்பளைக்கி... அவ வரட்டும், நாலு வார்த்த கேக்கறேன். அப்பால அவங்க அம்மாவும் கேப்பா."

இத்தனை நாள் அரவிந்தன் தயார் செய்து வைத்திருந்த எந்த வாக்கியத்துக்கும் இந்த இடத்தில் வேலையில்லை. தன்னை மறைக்க அவன் ஆட்டிய தலைக்கு, திட்டு வாங்கப்போகிறவள் சசிரேகா. காலையில் எழுந்து பனியில் ஆய்வுக்கூடம் போய், திரும்பி வந்து ஒருநாள்கூட அவனிடம் வேலை என்னாச்சு என்று கேட்காதவள்.

"மாமா, அவள ஒண்ணியும் சொல்லாதீங்க. வேலைக்கிப் போறது அவதான். எனக்கு வேலை இல்ல. அங்க போனதுலேருந்து இல்ல. அவளுக்கு வர்ற படிப்புப் பணத்துலதான் வூடு ஓடுது. சோறாக்கறது, துணி தொவைக்கறது எல்லாம் நான்தான். அன்னைக்கி உங்ககிட்ட பொய்யா தலை ஆட்டிட்டேன்."

சொல்லிவிட்டுக் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டான்.

ஏழுமலை ஓரமாக இருந்த சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தார்.

"சண்டை இல்ல?"

"இல்ல மாமா."

"சத்தியமா?"

"சத்தியமா."

"அப்ப இந்தப் பை?"

அரவிந்தன் பையைக் கழற்றித் திறந்து காட்டினான். அவர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார், பேரீச்சம்பழத்தை எண்ணிப் பார்த்தார். அப்புறம் ஒரே அடியாகச் சிரித்தார். சிரித்த வேகத்தில் கண்ணில் தண்ணீர் வந்து, லுங்கியில் துடைத்துக்கொண்டார்.

"யோவ் மாப்ள, பதினோரு கிலோமீட்டரு நா எப்டி வந்தேன் தெரியுமா? ஒவ்வொரு கல்லுலயும் ஒரு சாமிய வேண்டிக்கினு வந்தேன். இவ்ளோதானா?"

"பத்திரிகைல இன்ஜினியர்னு போட்டுட்டீங்களே மாமா."

"படிச்சீங்கல்ல? அப்ப பொய்யில்ல. இன்னா வேலைன்னு அதுல எங்க போட்டேன்?" பனியனுக்குள்ளிருந்து போனை எடுத்தார். "இருங்க, ஒங்க அத்தைக்குச் சொல்லிடறேன். சாமி ரூம விட்டு வெளிய வராம கீறா."

மறுமுனையில் மாமியார் சாமுண்டீஸ்வரியின் அழுகை ரோட்டுக்கே கேட்டது.

"அழாத. ஒரு கோவமும் இல்ல. ஓட்டப் பந்தயத்துக்குப் பழகறாரு... ஆமா, இந்த வயசுலதான்... இன்னொண்ணு, மாப்ளைக்கி அங்க வேலை இல்லியாம். வூட்ல சோறாக்கறாராம். நம்ம பொண்ணுக்கு."

அந்தப் பக்கம் அழுகை சட்டென்று நின்றது.

"ரசம் வெக்கத் தெரியுமான்னு கேளுங்க" என்றார் மாமியார்.

அரவிந்தன் தெரியும் என்று தலையை ஆட்டினான். இந்தத் தடவை அது உண்மை.

மிச்சம் பதினேழு கிலோமீட்டர். வண்டியில் ஏறச் சொல்வார் என்று நினைத்தான். "எவ்ளோ பாக்கி?" என்று மட்டும் கேட்டார். கேட்டுவிட்டு, வழியில் ஒரு கடையில் எலுமிச்சம்பழமும் உப்பும் வாங்கிக்கொண்டு, அவன் பதினான்கில் திரும்பி வருகிறவரைக்கும் அங்கேயே காத்திருந்தார். அப்புறம் அவன் வேகத்துக்கே வண்டியை உருட்டிக்கொண்டு பின்னால் வந்தார். எதிரே வந்தவர்கள் ஒருவர் விடாமல் விசாரித்தார்கள். அவரும் ஒருவர் விடாமல் பதில் சொன்னார்: "கோவமா? எவன் சொன்னான்? தங்கவேலா? அவன் பாலுல மட்டுமா தண்ணி ஊத்தறான்!" தங்கவேலு கல்யாணம் முடிகிறவரை அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

இருபத்து மூன்றாவது கிலோமீட்டரில் பின்னாலிருந்து டவுன் பஸ் வந்தது. ஜன்னலில் சசிரேகா. புருஷன் ஓடுகிறான், அப்பா பனியனோடு பின்னால் வண்டியில் வருகிறார். அவள் முகம் ஒரு நொடி வெளிறியது.

"ஏங்க! எத்தனாவது கிலோமீட்டருங்க?"

அரவிந்தன் வாயைத் திறப்பதற்குள் ஏழுமலை ஹாரனை அடித்துக்கொண்டே கத்தினார்: "இருவத்தி மூணு! இன்னும் அஞ்சு கீது! எல்லாம் சொல்லிட்டாரு, நீ வூட்டுக்குப் போய் நாஷ்டா எடுத்து வைய்யி!"

பஸ் தாண்டிப் போனது. சசிரேகா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டித் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். வளைவு வருகிறவரை ஆட்டிய கையை உள்ளே எடுக்கவில்லை.

"மாப்ள, தண்ணி" என்றார் ஏழுமலை.