முழங்கை வணக்கம்

பெட்டியை மூடப்போன நேரத்தில் மகள் தன் கையைப் பிடித்திருந்தாளா, முதுகுக்குப் பின்னால் ஒட்டி நின்றாளா என்பதில் அம்மாவுக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். வாசல்வரை ஆட்கள் அடைத்துக்கொண்டு நின்றது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. வெளியே போக வழியில்லை.

பெட்டியில் கிடந்தது அம்மாவின் அண்ணன். பிள்ளைகளுக்கெல்லாம் ‘தங்க மாமா’. அவர் தங்கை மகளை என்ன செய்தார் என்பது அம்மாவுக்கும், மகள் போய்வரும் சனிக்கிழமைக் குழுவை நடத்தும் ஆலோசகருக்கும், அங்கே வட்டமாக உட்காரும் பிள்ளைகளுக்கும்தான் தெரியும். சொந்தக்காரர்களிடம் அதை ஓவிய வகுப்பு என்று சொல்லிவைத்திருந்தாள். படுக்கையில் விழுந்தவரைப் பற்றி எப்படிப் பேசுவது என்று தள்ளிப்போட்டாள். இப்போது செத்துப்போனவரைப் பற்றி எப்படிப் பேசுவது?

அண்ணி எழுந்து வந்து மகளைக் கட்டிக்கொள்ளக் கைகளை விரித்தாள். மகள் முழங்கையை நீட்டினாள்.

குழுவில் அப்படித்தான். கதவருகே மூன்று படங்கள்: கையசைப்பது, முழங்கையை முட்டுவது, சும்மா நிற்பது. பிள்ளை எதைத் தொடுகிறதோ அதுதான் அன்றைய வணக்கம். அதற்குமேல் யாரும் நெருங்கக்கூடாது.

“இதென்ன கூத்து? ஓவிய வகுப்புல இதையும் சொல்லித் தர்றாங்களா?” என்றார் சித்தப்பா. சாவு வீட்டிலும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

அண்ணி சிரிக்கவில்லை. “வாம்மா கண்ணு. மாமாவுக்குக் கடைசியா ஒரு முத்தம் குடு. உன்னை மடியை விட்டே இறக்கமாட்டாரே.”

நீட்டிய முழங்கை அப்படியே நின்றது.

“அவ வரமாட்டா அண்ணி.”

“ஏன்?”

மகளின் தோளில் சித்தப்பா கைவைத்து முன்னால் தள்ளினார்.

“போம்மா, நேரமாச்சு. செத்தவங்க கடிக்கவா போறாங்க?”

அம்மா அந்தக் கையைப் பிடித்து எடுத்துவிட்டாள்.

“விடுங்க சித்தப்பா. அண்ணன் அவளைத் தொட்டதே போதும்.”

அதுவரை கேட்காத மின்விசிறிச் சத்தம் கேட்டது. “எந்த நேரத்துல என்ன பேச்சுடி பேசுற?” என்றது ஒரு குரல். அண்ணி அம்மாவைப் பார்க்கவில்லை. சுவரோரம் நின்ற தன் மூத்த மகளைப் பார்த்தாள். அவளும் காலையிலிருந்து பெட்டிப் பக்கம் வரவில்லை.

ஆட்கள் ஒவ்வொருவராக ஒதுங்கி வழிவிட்டார்கள்.

அண்ணி அதன்பிறகு அம்மாவோடு பேசவே இல்லை. குடும்ப மானத்தை வாங்கியவள் என்று சொல்லிக்கொண்டு திரிந்த சித்தப்பா போன வருடம் இறந்தார். அம்மாவுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. மகள் குழுவை முடித்துவிட்டு நீச்சல் பழகுகிறாள். அண்ணியின் மூத்த மகள் ஒருநாள் போன் செய்து, பெரியவர்களுக்கும் அந்த ‘ஓவிய வகுப்பு’ மாதிரி இடம் ஏதாவது உண்டா என்று கேட்டாள். செவ்வாய்க்கிழமைகளில் உண்டு. போய்வருகிறாள்.