பிளேட் போடாத படம்

சப் இன்ஸ்பெக்டர் மந்திரமூர்த்தி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்டூடியோவுக்குள் வந்தபோது, குத்தாலிங்கத்துக்கு முதலில் ஆளே அடையாளம் தெரியவில்லை. தென்காசியே பயந்து நடுங்கிய அந்த மீசையைக் காணோம். மழித்த முகத்தோடு நின்ற மனுஷரைப் பார்த்ததும், மீசையோடு பார்த்த காலத்தைவிட அதிகமாகப் பயமாக இருந்தது.

“பார்வதி போயிட்டா குத்தாலிங்கம். விஷக் காய்ச்சல். நேத்துதான் காரியம் முடிஞ்சுது” என்றார். “அவ படம் ஒங்கிட்ட மட்டுந்தான் இருக்கு. சீசன்ல அருவிக்கரையில வச்சு எடுத்தியே. எப்படி விழுந்திருந்தாலும் சரி, அதைக் குடு.”

கொடுக்கலாம்தான். இருந்தால் கொடுக்கலாம்.

பலசரக்குக் கடையில் போய் ஓசியில் துவரம்பருப்பு கேட்க யாருக்கும் வாய் வராது. காமிராக்காரனிடம் கேட்க மட்டும் எவனுக்கும் கூச்சமில்லை. “சும்மா ஒரு மூடியத் தொறந்து மூடுததுதானே, இதுல ஒனக்கு என்ன கொறைஞ்சிரப் போவுது?” என்பார்கள். கேட்பதோடு போனாலும் பரவாயில்லை, கேட்கிறவனெல்லாம் அதிகாரத்தில் இருக்கிறவன். மாட்டேன் என்றால் சென்னையிலிருந்து வருகிற, படம் விழும் கண்ணாடி பிளேட் பார்சல் ரயில் கொட்டடியில் ஒரு வாரம் தூங்கும். குற்றாலத்தில் சீசன் கடை போட இடம் கிடைக்காது. சரி என்றால் பொழைப்பைத் தலைமுழுக வேண்டியதுதான். பிளேட் என்ன வாய்க்கால் கரையிலா முளைக்கிறது?

அதனால் குத்தாலிங்கம் ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். ஓசி கேட்கிறவர்களை மறுக்க மாட்டான். நாற்காலி போட்டு உட்கார வைப்பான், முகவாயைத் தூக்கிவிடுவான், கறுப்புத் துணிக்குள் தலையை நுழைப்பான், மூடியைக் கழற்றி மாட்டுவான். எல்லாம் முறைப்படி நடக்கும். காமிராவின் பின்னால் செருகுகிற மரப்பெட்டிக்குள் பிளேட் மட்டும் இருக்காது. திறந்து காட்டு என்று யாரும் கேட்க முடியாது. வெளிச்சம் பட்டால் பிளேட் கெட்டுப்போகும் என்பது ஊருக்கே தெரியும். பிறகு ஆள் அனுப்பினால், “சாரல் ஈரத்துல பிளேட் பூத்துப் போச்சு ஐயா” என்று கையைப் பிசைவான். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கிறவன் உண்டா? அவர்களும் விட்டுவிடுவார்கள்.

ஆடி மாதத்தில் மந்திரமூர்த்தி மனைவியோடு அருவிக்கு வந்தபோதும் அதுதான் நடந்தது. “என் மூஞ்சி எதுக்குவே, இவளை மட்டும் எடு” என்றார். குளித்த ஈரத் தலையோடு பாறையில் உட்கார்ந்தாள் பார்வதியம்மாள். அதற்கு முன் படமே எடுத்துக்கொள்ளாதவள். மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்த இருப்பைப் பார்த்து அப்போதே குத்தாலிங்கத்துக்கு மனசு ஒரு மாதிரி ஆயிற்று. ஆனாலும் பெட்டி வெறும் பெட்டிதான்.

எழுந்து வந்து மெதுவாகக் கேட்டாள்: “அண்ணாச்சி, நான் கண்ணைச் சிமிட்டிட்டேன் போலுக்கு. கண்ணு மூடுனாப்ல விழுந்திருக்குமோ?”

“இல்லம்மா. லட்சுமி கணக்கா விழுந்திருக்கு” என்றான் அந்தப் பாவி.

அவள் மற்றவர்களைப் போல மறக்கவில்லை. கான்ஸ்டபிள் மாடனை இரண்டு தடவை அனுப்பினாள். இரண்டு தடவையும் சாரல்தான் பழி ஏற்றது.

இப்போது அதே சாரலைச் சொல்லியிருந்தால் ஒருவேளை தப்பித்திருக்கலாம். பயத்தில் வாய் குழறிவிட்டது. “அந்த பிளேட் கைதவறி உடைஞ்சு போச்சு ஐயா” என்றான்.

மந்திரமூர்த்தி நிமிர்ந்து பார்த்தார். “மாடன்கிட்ட பூத்துப் போச்சுன்னு சொன்னியாமே?”

“பூத்துத்தான் போச்சு. கழுவிப் பாக்கலாம்னு எடுக்கையில உடைஞ்சும் போச்சு.”

“எங்கன?”

“உள்ள... இருட்டறையில.”

“அப்போ துண்டு இருக்கும்லா?”

இல்லை என்று சொல்வதற்குப் பதிலாக, ஆமாம் என்று குத்தாலிங்கத்தின் தலை தானாக ஆடியது.

“துண்டாவது குடு. மூஞ்சி இல்லேன்னாலும் சரி. அவ சேலைத் தலைப்பு இருந்தாக்கூடப் போதும். நாளைக்கு வருதேன்.” வாசல்வரை போனவர் திரும்பினார். “சாகுததுக்கு முந்தின நாள்கூட அந்தப் படத்தைக் கேட்டா.”

அவர் போன பிறகு குத்தாலிங்கம் தரையில் உட்கார்ந்துவிட்டான். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? ஸ்டேஷனில் வைத்து லாடம் கட்டுவார்கள், சீசன் கடை போகும், ஸ்டூடியோ போகும். அதைக்கூடத் தாங்கலாம். பொண்டாட்டியைப் பறிகொடுத்தவன் முன்னால் நின்று, ‘உன் பொண்டாட்டியை வெறும் மரப்பெட்டிக்கு முன்னால் உட்கார வைத்து ஏமாற்றினேன்’ என்று எந்த வாயால் சொல்வது? அந்த மழித்த முகம் அதைக் கேட்டு என்ன ஆகும் என்பதை நினைக்கவே அவனால் முடியவில்லை.

மறுநாள் மத்தியானம் இருட்டறையில் பழைய பிளேட்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தான். எல்லாம் ஊர்ப் பெண்கள். அடுத்தவன் வீட்டுப் பெண்ணைக் கொண்டுபோய் போலீஸ்காரர் வீட்டுச் சுவரில் மாட்டினால் வெட்டுக்குத்தில்தான் முடியும். யாரும் வந்து உரிமை கேட்காத பிளேட் ஒன்றே ஒன்று இருந்தது. கல்யாணமான புதிதில், புதுக் காமிராவில் முதன்முதலாக எடுத்தது. முக்காலியில் உட்கார்ந்து மடிமேல் கை வைத்திருந்தாள் அவன் மனைவி பேச்சித்தாய். அவளை அவன் எடுத்த படம் அது ஒன்றுதான். ஊரையெல்லாம் எடுத்தவனுக்கு வீட்டுக்காரியை எடுக்க அப்புறம் நேரம் வரவில்லை.

தெருவில் பூட்ஸ் சத்தம் கேட்டது. குத்தாலிங்கம் கண்ணை மூடிக்கொண்டு பிளேட்டை மேஜை விளிம்பில் தட்டினான்.

அவள் கை பதிந்திருந்த துண்டை மட்டும் கொண்டுவந்து நீட்டினான். கொஞ்சம் சேலை மடிப்பு, நாலு வளையல், ஒரு கை. மந்திரமூர்த்தி அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். இவனுக்குக் காதுக்குள் அருவி விழுகிற மாதிரி இரைந்தது. ‘கண்டுபிடித்துவிட்டார், கண்டுபிடித்துவிட்டார்’ என்று உள்ளே ஒருத்தன் கத்தினான்.

“இந்த மோதிர விரலைப் பாரு” என்றார் கடைசியில். “லேசா சாஞ்சிருக்கும் அவளுக்கு.”

மோதிர விரல் நேராகத்தான் இருந்தது.

“இதைப் பெரிசு பண்ணி கண்ணாடி போட்டுக் குடு. இதுக்குக் காசு வாங்கிக்கிடணும் நீ. ஓசியில கேட்டேன் பாரு, அதான் அவ மூஞ்சி எனக்கு நிக்கல.” சொல்லிவிட்டு அந்த முரட்டு மனுஷர் குழந்தை மாதிரி அழுதார். குத்தாலிங்கத்துக்குக் காலில் விழுந்துவிடலாம் போல் இருந்தது. விழவில்லை. பயம் அவனை நிற்கவைத்தே கட்டிப்போட்டிருந்தது.

பேச்சித்தாய்க்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஸ்டூடியோவைப் பெருக்க வந்தவள், குப்பைக் கூடையில் தன் முகம் இரண்டு துண்டாகக் கிடப்பதைப் பார்த்தாள். கொடியில் பெரிய காகிதத்தில் ஒரு கை காய்ந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் தன் கையை வைத்துப் பார்த்தாள்.

“இது என் கைல்லா?”

அவன் எல்லாவற்றையும் சொன்னான். வெறும் பெட்டியை, பார்வதியம்மாள் கண்ணைச் சிமிட்டியதாகச் சொல்லிக் கவலைப்பட்டதை, மாடனை, சாரலை. சொல்லச் சொல்ல அவள் முகம் வெளுத்தது.

“உசிரோட இருக்கவ கைக்கு மாலை போடப் போறாவ. அதுக்கு நீங்களே கண்ணாடி போட்டுக் குடுக்கப் போறிய. எனக்கு ஒரு காய்ச்சல் வந்தா என்ன செய்வேன்னு நினைச்சியளா?”

“ச்சீ, என்ன பேச்சு பேசுதே.”

“நான் பேசுதேன். நீங்க செஞ்சிட்டிய.”

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. பட்ட காலிலேதான் படும். நாற்பத்தொன்றாம் நாளுக்கு மாடன் வந்து கூப்பிட்டான். மஞ்சள் குங்குமத்தோடு போனவள் என்பதால் புருஷன் இருக்கிற கட்டுக்கழுத்தி ஒருத்தியை உட்கார வைத்துச் சேலையும் வளையலும் கொடுக்க வேண்டுமாம். “ஒங்க வீட்டு அக்காதான் வரணும்னு ஐயா சொல்லிட்டாவ அண்ணாச்சி. படத்தை மீட்டுக் குடுத்த வீடுல்லா.”

போகாமல் இருக்க முடியுமா? போனார்கள்.

சுவரில் அந்தக் கை, சந்தனப் பொட்டோடு, கனகாம்பர மாலையோடு தொங்கியது. கீழே மணைப்பலகையில் பேச்சித்தாயை உட்கார வைத்தார்கள். அவள் கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள். மந்திரமூர்த்தியின் தங்கை மூக்கம்மாள் தட்டில் வளையலோடு வந்தாள். “மதினியோட வளையல்தான். கையை நீட்டுங்க.”

பேச்சித்தாய் நீட்டவில்லை. கூட்டம் பார்த்தது. குத்தாலிங்கம் சுவரைப் பார்த்தான், பார்க்கக் கூடாது என்று தரையைப் பார்த்தான். கடைசியில் மூக்கம்மாளே அந்தக் கையைப் பிடித்து இழுத்து வளையலை ஏற்றினாள். சோப்பு வேண்டியிருக்கவில்லை, எண்ணெய் வேண்டியிருக்கவில்லை. நாலு வளையலும் தடையில்லாமல் ஏறின. மூக்கம்மாள் கையைப் பார்த்தாள். தலையைத் தூக்கிப் படத்தைப் பார்த்தாள். மறுபடியும் கையைப் பார்த்தாள்.

“அண்ணே, இங்கன வந்து பாரு. அப்படியே மதினி கை.”

மந்திரமூர்த்தி வந்து குனிந்தார். அவருடைய பார்வை கையிலிருந்து படத்துக்குப் போய்த் திரும்புகிற நேரத்தில் குத்தாலிங்கம் வாசல் எத்தனை தூரம் என்று கணக்குப் போட்டான்.

“ஆமா” என்றார் அவர், கரகரத்த குரலில். “பார்வதியே வந்து வாங்கிக்கிட்டா. இனிமே வருஷா வருஷம் நீதாம்மா வந்து இந்த மணையில உக்காரணும். உன் உசிரு இருக்கமட்டும் வரணும்.”

தப்பித்தாயிற்று.

திரும்பி வரும்போது பேச்சித்தாய் சிற்றாற்றுப் பாலத்தில் நின்று, “நான் போயிட்டா எந்தப் படத்தை மாட்டுவிய?” என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

மறுநாள் காலையிலேயே அவன் காமிராவைத் தூக்கி நிறுத்தினான். அவளை அழைத்து வந்து அதே முக்காலியில் உட்கார வைத்தான். அவள் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

“பெட்டியைத் தொறந்து காட்டுங்க. உள்ள பிளேட் இருக்கான்னு பாக்கணும்.”

“தொறந்தா வெளிச்சம் பட்டுக் கெட்டுப்போகும் பேச்சி. ஒனக்குத் தெரியாதா?”

“தெரியும். அந்த அம்மாவும் அதை நம்பித்தான் உக்காந்திருப்பா.”

“குற்றாலநாதர் மேல சத்தியமா இருக்கு.”

“எடுங்க” என்றாள். “கண்ணைச் சிமிட்டிட்டேனான்னு நான் ஒங்ககிட்ட கேக்க மாட்டேன்.”

அவன் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துச் சரிபார்த்துவிட்டு வெளியே வந்தான். பெட்டியைச் செருகினான். மூடியில் கை வைத்தபோதுதான் அந்தச் சந்தேகம் வந்தது. விடிகாலையில் இருட்டறையில் அவசர அவசரமாகப் பெட்டியை எடுத்தோமே, அப்போது பிளேட்டைப் போட்டோமா? போட்ட மாதிரியும் இருந்தது, போடாத மாதிரியும் இருந்தது. எத்தனையோ வருஷமாக வெறும் பெட்டியை எடுத்துப் பழகிய கை அது. இங்கே திறந்து பார்க்கவும் வழியில்லை, அவள் பார்த்திருக்க இருட்டறைக்குத் திருப்பி எடுத்துப்போகவும் வழியில்லை.

எதிரே பேச்சித்தாய் கண்ணைக் கொட்டாமல் உட்கார்ந்திருந்தாள். குத்தாலிங்கம் மூடியைக் கழற்றினான்.