வெட்டிய முதல் பக்கம்

நான் மனைவியா விதவையா என்று நாலு வருஷமாக யாருக்கும் தெரியவில்லை. அறுபத்து நான்காம் ஆண்டுப் புயலில் என் கணவர் மஹ்ரூபின் வள்ளம் திரும்பவில்லை, உடலும் கரையொதுங்கவில்லை. மையித்தைக் காணாமல், விதவை வீட்டோடு அடைந்திருக்கும் இத்தா எப்படி இருப்பது? கிண்ணியாவில் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பித்தபடி காத்திருந்தேன்.

பழைய நெய்தல் பாட்டுகளில் கரையில் நின்று காத்திருக்கும் பெண்ணை அந்த நாட்களில்தான் அடையாளம் கண்டேன். அவளுக்குப் பெயரில்லை. எனக்கிருந்த ஒரே கூட்டாளி அவள்தான்.

அவளைப் பற்றிப் பேசத் திருகோணமலை நகரத்து இலக்கியச் சங்கம் ஒன்று என்னை அழைத்தது. மண்டபம் நிறைந்த ஆட்களுக்கு முன்னால் அவளையும் என்னையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிட வேண்டும் என்று உயிரைக் கொடுத்து எழுதினேன். முதல் பக்கம் முழுக்க மஹ்ரூப்.

கூட்டத்துக்கு ஒரு கிழமை இருக்க, காதியார் தீர்ப்புச் சொன்னார்: மஹ்ரூப் மவுத்து; இன்றிலிருந்து நாலு மாதமும் பத்து நாளும் இத்தா. நாலு வருஷம் வாய் திறக்காத காதியாருக்கு அந்தக் கிழமைதான் கிடைத்தது. இனி வாசற்படி தாண்ட ஏலாது. கூட்டத்தன்று கட்டுரையைத் தம்பி ஜவாஹிரிடம் கொடுத்து நகரத்துக்கு அனுப்பினேன்.

பின்னேரம் அவன் திரும்பி வந்தான். முகம் சரியில்லை.

“செயலாளர் இராஜநாயகம் ஐயாதான் வாசிச்சவர், ராத்தா. சனம் அழுதது.”

“மச்சான்ட கதைக்கோ?”

அவன் சட்டைப்பையிலிருந்து முதல் பக்கத்தை எடுத்து நீட்டினான். “இத வெட்டிப்போட்டார். சொந்தக் கதையாம். இலக்கியத்துக்குள்ள வராதாம். ‘உங்கட அக்கா முஸ்லிம் எண்டாலும் நல்ல தமிழ்’ எண்டும் சொன்னவர்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் உம்மா என்னைத் தாலாட்டியது வேறு எந்த மொழியிலாம்?

குசினியிலிருந்து மாமி சுபைதா வந்தார், மஹ்ரூபைப் பெற்றவர். புருஷனைத் தொலைத்தவளுக்குப் பாட்டு ஒரு கேடா என்று நான் எழுதிய நாளெல்லாம் திட்டியவர். அவருக்கு வாசிக்கத் தெரியாது. பக்கத்தை வாங்கித் தடவிப் பார்த்தார்.

“இதுல என்ட மகன்ட பேர் இருக்கா?”

“ஓம், மாமி.”

“அங்க வாசிச்சாங்களா?”

“இல்ல.”

“அப்ப ஆருக்கு அழுதாங்க?”

“ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால கடற்கரையில நிண்ட ஒருத்திக்கு.”

மாமி பக்கத்தைத் திருப்பித் தந்தார். “எனக்கு வாசி.”

வாசித்தேன். முடியும்வரை நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாமளும் ரெண்டாயிரம் வருஷம் பொறுப்பம், புள்ள,” என்றார் பிறகு. “அப்ப அழுவாங்க.”