சிரட்டையில் விழுந்த கல்

சுமித்ராவின் மோதிரம் விரிசல் விட்டுவிட்டது. கல் இருக்கும் பக்கம் அல்ல. உள்ளங்கைப் பக்கம் இருக்கும் வளையம். றப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்தியின் பிடி பல வருடங்களாக அழுத்தியதில் அந்த இடம் நூலாகத் தேய்ந்திருந்தது. கழற்றி வைத்துவிட்டு வேலைக்குப் போ என்று நான் சொல்லாமல் இல்லை. "லயத்து வீட்டுல வச்சா எலி தூக்கிட்டுப் போயிரும்" என்பாள். எலிக்கு மோதிரம் எதற்கு என்று நான் கேட்டதில்லை.

அதில் இருப்பது வெளிர் நீலக் கல். கலியாணமான புதிதில், மழையால் பால் வெட்டு நின்றிருந்த நாட்களில், ஒரு மாணிக்கக் குழியில் தண்ணீர் இறைக்கப் போனேன். வேலை முடிந்ததும் குழிக்காரர் சிரித்துக்கொண்டே கையில் வைத்த கல் அது. ஓரம் கலங்கலாக இருக்கிறது என்று எந்த வியாபாரியும் வாங்கவில்லை. சுமித்ரா அதை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தாள். பிறகு, "இது எனக்கு" என்றாள். அவளாக என்னிடம் கேட்டு வாங்கிய பொருள் அது ஒன்றுதான்.

ஆகவே வளையத்தை ஒட்டுவது எங்களுக்குப் பெரிய விஷயமில்லை. கல் மாறிவிடக் கூடாது. ஒட்டக் கொடுத்த நகையில் வேறு கல் வந்த கதையை எங்கள் தோட்டத்தில் எல்லோரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள்.

இன்னொன்றும் இருந்தது. முன்பொரு முறை அந்தக் கல் கழன்று, மரத்தில் கட்டியிருந்த சிரட்டைப் பாலுக்குள் விழுந்துவிட்டது. விரலால் துழாவி எடுத்தவள், பால் வடிய வடிய அப்படியே மோதிரத்தில் வைத்து அமுக்கினாள். காய்ந்த பிறகு கல் அசையவே இல்லை. றப்பர் தோட்டத்தில் வேறு பசையை யார் தேடுவார்கள்? ஆனால் நாளாக ஆக உள்ளே இருந்த பால் பழுப்பேறி, பிறகு கறுத்து, கல்லே மங்கிவிட்டது போலக் காட்டியது.

இரத்தினபுரிக்குப் போகும் பஸ்ஸில் அவள் என் காதருகே சொன்னாள்: "பால் சங்கதிய யார்கிட்டயும் சொல்லிறாதீங்க. கல்லு கெட்டுப் போச்சு, மாத்துன்னு எவன் சொல்றானோ அவன் திருடன். சொல்லாதவன்கிட்ட குடுப்போம்."

"நான் என்னத்த சொல்லப் போறேன்?"

"அதுவும் சரிதான். நீங்க எப்ப வாயத் தொறந்தீங்க."

முதல் நகைக்கடைப் பையன் மோதிரத்தைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "கல்லு போயிட்டு அக்கா. வேற நல்லதா ஒண்டு போட்டுத் தாறன்" என்றான். இரண்டாவது கடைக்காரர் சிங்களவர். "மே கல வெடக் நே" என்று, அந்தக் கல் உதவாது என்று சொல்லிக்கொண்டே மோதிரத்தோடு திரைக்குப் பின்னால் நகர்ந்தார். "எஹெனம் ஆபஹு தென்ன!" என்று, திருப்பித் தரச் சொல்லி சுமித்ரா சத்தம் போட்டாள். உதவாததைத் திருப்பிக் கொடுப்பதற்கு அவருக்கு ஏன் அவ்வளவு நேரம் பிடித்தது என்று தெரியவில்லை.

திரும்பும் வழியில், பஸ் மாற எஹலியகொடையில் இறங்கினோம். சந்தைக்குப் போகும் ஒழுங்கையில் ஒரு சின்ன நகைக் கடை. வேலை செய்யும் மேசை தெருவைப் பார்த்தபடி இருந்தது. முக்தார் என்று பலகையில் எழுதியிருந்தது. தொப்பி போட்ட அந்த மனிதரே உட்கார்ந்திருந்தார். மோதிரத்தை வாங்கி, கண்ணில் லென்ஸை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. எனக்கு அந்த மௌனம் பிடித்திருந்தது. சுமித்ராவால்தான் பொறுக்க முடியவில்லை.

"கல்லப் பத்தி ஒண்ணும் சொல்லலியே நானா?" என்று கேட்டாள். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்றுதான் கூப்பிடுவோம்.

"வளையத்த ஒட்டத்தானே வந்தீங்க தங்கச்சி. கல்லு ஏன் இருட்டா ஈக்குதுண்டு எனக்கு விளங்கல்ல. விளங்காததப் பத்தி என்னத்த சொல்ல?"

அவள் என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். அவர் தேறிவிட்டார்.

முக்தார் நானா மோதிரத்தைச் செங்கல் துண்டின் மேல் வைத்தார். "கல்ல இப்ப கழட்டினா அதப் புடிச்சீக்கிற விளிம்பு ஒடஞ்சிரும், அவ்வளவு மெல்லிசு. நீலக் கல்லு கொஞ்சம் சூடு தாங்கும். ஈரத் துணியச் சுத்தி இப்படியே ஒட்டுவோம்" என்று சொல்லி காஸ் விளக்கைப் பற்றவைத்தார். நீலச் சுடர் மோதிரத்தை நோக்கி இறங்கியது.

சுமித்ராவின் முகம் மாறியது. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கத்திவிட்டாள்.

"நிப்பாட்டுங்க நானா! அதுக்குள்ள பால் இருக்கு!"

"என்ன பால்?"

"றப்பர் பால்."

எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சுடரை அணைத்தார்.

"யா அல்லாஹ்! இத முதல்லயே சொல்ல ஏலாதா? றப்பர் உள்ளுக்கு எரிஞ்சா கல்லு வெடிச்சாலும் வெடிக்கும். பொறகு, முக்தார் கல்ல ஒடச்சிட்டு வேற கல்லு வச்சிட்டாண்டு ஊரெல்லாம் சொல்லியிருப்பீங்க."

"சொல்லித்தான் இருப்பேன்" என்றாள் சுமித்ரா தலையைக் குனிந்து. "நீங்க எப்படிப்பட்ட ஆளுன்னு பாக்கத்தான் மறைச்சேன்."

"பாத்தாச்சா?"

"பாத்தாச்சு."

"நான் உங்களப் பாக்க வாணாமா?"

அவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். பிறகு ஊசி போன்ற ஒன்றால் விளிம்பை நெம்பினார். அது அவர் சொன்னபடியே ஓரிடத்தில் ஒடிந்தது. கல் வெளியே வந்தது. அதன் முதுகில் கறுப்புத் தோல் மாதிரி றப்பர் ஒட்டியிருந்தது. நகத்தால் உரித்து, துணியால் துடைத்து, சுமித்ராவின் உள்ளங்கையில் வைத்தார். மழைக்குப் பிறகு மலைக்கு மேலே கொஞ்ச நேரம் தெரியும் வானத்தின் நிறம்.

"கல்ல நீங்க கொண்டு போங்க" என்றார். "வளையத்தயும் விளிம்பயும் நான் செஞ்சு வைக்கிறன். வியாழக்கிழமை வாங்க, கண்ணுக்கு முன்னால பதிச்சுத் தாறன்."

ஒழுங்கையில் ஒரு ஆட்டோ பின்னுக்கு வந்து திரும்பிப் போனது. சுமித்ரா உள்ளங்கையை மூடினாள், திறந்தாள். இத்தனை வருடத்தில் அவளுடைய மௌனங்களை ஓரளவு படித்திருக்கிறேன். இதை மட்டும் என்னால் படிக்க முடியவில்லை.

"விளிம்பு கட்டறப்ப கல்ல வச்சு வச்சுத்தானே பாக்கணும்?" என்று கேட்டாள்.

"வச்சுப் பாத்தா நல்லா உக்காரும்."

"அப்ப இங்கயே இருக்கட்டும் நானா."

கல்லை மேசையில் வைத்துவிட்டு எழுந்தாள்.

தெரணியகலை பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. எங்கள் தோட்டத்துச் சந்தி வருவதற்குச் சற்று முன்னால் என் பக்கம் திரும்பினாள்.

"என்னாங்க, வியாழக்கெழம போறப்ப அந்தாளுக்கு ரெண்டு ஈரப்பலாக்காய் பறிச்சுக் குடுங்க. பெருசாப் பாத்து."